சுமை இறங்கும் வழி: மகளுக்கு ஒரு கடிதம்

திருச்சிராப்பள்ளி

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தொலைபேசியில் சொன்னது இந்த வாரம் முழுவதும் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. “காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழு மணி வரை ஈடேப்ஸ் மென்பொருளில் கட்டடங்களுக்குக் கணினி மாதிரி போடுகிறேன். அந்தக் கட்டடம் எந்தத் தெருவில் எழும்புகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இதுதான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலை என்றால், அந்த ஐ.டி. நிறுவனம் தருகிற வேலையையே எடுத்துக்கொள்ளலாமே அம்மா” என்றாய். எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடக் கூடிய பதில் அல்ல அது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்; பொறுமையாகப் படி.

உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் பாடமாகத் தெரிந்திருப்பது வேறு, கண் முன்னால் வைத்துப் பார்ப்பது வேறு. நம் வீட்டு மொட்டை மாடியில் இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. நிரம்பினால் இரண்டு டன். அந்த இரண்டு டன் தொட்டியின் அடியிலேயே தங்கிவிடுவதில்லை. தளத்துக்குப் போய், தளத்திலிருந்து பீமுக்குப் போய், பீமிலிருந்து தூணுக்கு இறங்கி, தூண் வழியாக அடித்தளத்துக்கு வந்து, கடைசியில் மண்ணில் பரவுகிறது. இந்த வழியில் ஓர் இடத்தில்கூட அடைப்போ பலவீனமோ இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. நாம் வழி வகுத்துக் கொடுக்காவிட்டால் சுமை தானாகவே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்; அது நாம் நினைத்த வழியாக இருக்காது.

ஒரு கட்டடத்தின் மீது ஏறும் சுமையில் பெரும்பங்கு மனிதர்களுடையது அல்ல, கட்டடத்தின் சொந்த எடைதான் என்பதை வீடு கட்டுபவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. 125 மி.மீ. கனமுள்ள காங்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 312 கிலோ. அதன் மேல் டைல்ஸும் அடிப்பூச்சும் சேர்ந்து இன்னொரு 100 கிலோ. ஆனால் நடமாடும் மனிதர்களுக்கும் மேசை நாற்காலிகளுக்குமாக ஐ.எஸ். 875 என்ற இந்தியச் சுமை விதித்தொகுப்பு வீட்டு அறைகளுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வது 200 கிலோதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மூன்று மீட்டர் உயரம் எழும்பினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒன்றே கால் டன்னுக்கு மேல் வரும். “இந்தச் சுவரை மட்டும் நாலடி தள்ளிக் கட்டிக்கொள்கிறோமே மேடம்” என்று வீட்டுக்காரர் சாதாரணமாகக் கேட்கும்போது, பீமின் மேல் நிற்கவேண்டிய அவ்வளவு எடையையும் வெறும் தளத்தின் நடுவில் கொண்டுபோய் வைக்கக் கேட்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருப்பதற்கும், வேண்டாம் என்று சொல்வதற்கும், சொல்வதோடு நிறுத்தாமல் அந்தச் சுவரின் அடியில் ஒரு பீமை எப்படிக் கொண்டுவரலாம் என்று வழி கண்டுபிடிப்பதற்கும்தான் நாம் இருக்கிறோம்.

ஆர்க்கிடெக்ட் அறைகளையும் வெளிச்சத்தையும் அழகையும் பார்க்கிறார். அவர் வரைந்ததை நிற்கவைப்பது நாம். கூடத்தின் நடுவில் தூண் வரக் கூடாது என்று அவர் சொல்வதும், தூண் இல்லாவிட்டால் பீமின் ஆழம் கூடித் தலையில் இடிக்கும் என்று நாம் சொல்வதும், பிறகு இருவரும் ஒரு தாளை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருவதும் இந்தத் தொழிலின் மிக நல்ல நேரங்கள். உனக்கு அந்த மேசையில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

கீழே மண் இருக்கிறது. ஒரே ஊரில் ஒரு மனைக்கும் அடுத்த மனைக்கும் மண் வேறாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால், அதன் மேல் சாதாரண அடித்தளம் போட்ட வீடுகளில் ஆண்டுதோறும் சுவர் வெடிக்கும். அதற்காகவே மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அடியில் குமிழ் போல விரியும் பைல்களை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது. மண் சோதனை அறிக்கை இல்லாமல் நான் அடித்தளம் வரைவதில்லை என்பதால் என்னைவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் உண்டு. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

மேலிருந்து இறங்கும் சுமையைவிடப் பக்கவாட்டில் வருவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம் வந்தபோது நீ பிறக்கவில்லை. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழே கார் நிறுத்துவதற்காகச் சுவர் இல்லாமல் தூண்களை மட்டும் விட்டவை. மேல்மாடிகள் சுவர்களோடு விறைப்பாக இருக்க, அசைவு முழுவதையும் கீழ்த்தூண்கள் தாங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு வந்த ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதித்தொகுப்பின் திருத்தத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. நீ இப்போது மாதிரி போடும் சென்னைக் கட்டடங்களிலும் கீழ்த்தளம் கார் நிறுத்தத்துக்கானதுதான் அல்லவா? தூண் கம்பிகளைச் சுற்றி வரும் ரிங்கின் முனையை 90 பாகையில் மடக்கிவிட்டால், காங்கிரீட்டின் வெளித்தோல் உதிர்ந்ததும் ரிங் பிரிந்துவிடும். 135 பாகையில் மடக்கி முனையைத் தூணின் உள்ளே செலுத்தினால் ஆட்டத்தின்போதும் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பி கட்டுபவருக்கு முதலாவது சுலபம், இரண்டாவது கைவலி. உன் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1996-ஆம் ஆண்டு, தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான்கடி நீட்டிய பால்கனி. ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள தளம் என்பதால் இழுவிசை மேற்பக்கம். முக்கியக் கம்பி மேலே வரவேண்டும். வரைபடத்தில் மேலேதான் போட்டிருந்தேன். காங்கிரீட் போடும் நாளன்று நான் வேலை நடக்கும் இடத்துக்குப் போகவில்லை. வரைபடம் சரியாக இருக்கிறதே என்ற நம்பிக்கை. முட்டு பிரித்த மறுநாள் மேஸ்திரி ஆள் அனுப்பினார். சுவரோரமாக, பால்கனியின் மேற்பக்கத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மயிரிழை போல ஒரு வெடிப்பு. உடனே மறுபடியும் முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, உளியால் ஓரிடத்தைக் கொத்திப் பார்த்தோம். 125 மி.மீ. தளத்தில் மேலிருந்து 25 மி.மீ. ஆழத்தில் இருக்கவேண்டிய கம்பி 80 மி.மீ. ஆழத்தில் கிடந்தது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பிகளை வைக்காமல், சட்டி சுமந்தவர்கள் அதன் மேலேயே நடந்திருக்கிறார்கள். மிதிபட்டு மிதிபட்டுக் கீழே போய்விட்டது. அடிப்பக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தால் 100 மி.மீ. இருக்கவேண்டிய பயனுறு ஆழம் 45 ஆகிவிட்டது. வலிமை பாதிக்குக் கீழே போய்விட்டது. அத்தனை கம்பியும் உள்ளேதான் இருந்தது, ஒரு கிலோகூடக் குறையவில்லை, இடம்தான் மாறியிருந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. உடைத்து மறுபடி போட்டோம். அந்த வீட்டு அம்மா அந்தப் பால்கனியில் வடகம் காயவைக்க எண்ணியிருந்ததாக என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அதன் பிறகு, நான் கையெழுத்திட்ட எந்த நீட்டுத் தளத்துக்கும் காங்கிரீட் நாளன்று நான் போகாமல் இருந்ததில்லை. நீ பிறப்பதற்கு மூன்று வாரம் இருந்தபோதுகூடப் போயிருக்கிறேன். உன் பாட்டி இன்றும் அதைச் சொல்லிக் கடிந்துகொள்வார்.

எஃகு வேலைக்கான தயாரிப்பு வரைபடங்களைச் சரிபார்ப்பது சலிப்பாக இருக்கிறது என்று முன்பொரு முறை சொன்னாய். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயட் ரீஜென்சி ஹோட்டலின் உள்முற்றத்தில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே தண்டு நான்காவது மாடிப் பாலத்தைத் தாங்கி, அதன் வழியாகக் கீழே போய் இரண்டாவது மாடிப் பாலத்தையும் தாங்கியது. அவ்வளவு நீளத் தண்டில் மரை போடுவது சிரமம் என்பதால் தயாரிப்பு வரைபடத்தில் அதை இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்தின் பீமிலேயே தொங்கவிட்டார்கள். ஒரு கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், ஒருவர் காலை மற்றவர் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது: மேற்பாலத்தின் நட்டில் சுமை இரண்டு மடங்காயிற்று. முதல் வடிவமைப்பே விதி கேட்ட வலிமையை எட்டவில்லை என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. மாற்றிய வரைபடம் பொறியாளர் அலுவலகத்துக்கு வந்து, ஒப்புதல் பெற்றுத்தான் போனது. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். நீ சலிப்பு என்று சொல்லும் மேசையில் நடக்கிற வேலை அதுதான்.

அவ்வளவு தூரம் போகவேண்டியதும் இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழைநாளில் சரிந்து 61 பேர் இறந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் தொலைக்காட்சியை அணைக்காமல் இருந்ததற்கு அப்பாவிடம் முறையிட்டாய். பக்கத்தில் நின்ற அதன் இணைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தையே கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்.

இனி வேலை வாய்ப்புகளுக்கு வருகிறேன். நீ இப்போது இருப்பது இந்தத் தொழிலின் ஓர் அறை. அதை வைத்து வீடே இப்படித்தான் என்று முடிவு கட்டாதே.

வடிவமைப்பு அலுவலகத்திலேயே தொடர்ந்தால், மாதிரி போடுபவராகத் தொடங்கி, ஒரு கட்டடத்தை முழுவதும் பொறுப்பேற்பவராகவும், பிறகு மற்றவர் வேலையைச் சரிபார்ப்பவராகவும் உயரலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 கட்டமைப்புப் பொறியாளருக்குத் தனிப் பதிவை வைத்திருக்கிறது. போதிய அனுபவம் வந்ததும் பதிவு செய்துகொண்டால் உன் கையெழுத்துக்கு மதிப்பும் பொறுப்பும் சேர்ந்து வரும். நான் போனது அந்த வழி. தனி அலுவலகம் என்றால் முதல் ஐந்து வருடம் பணம் நேரத்துக்கு வராது, வரைபடம் மட்டும் நேரத்துக்குக் கேட்பார்கள்.

பாலம் வேறு உலகம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தை நாம் மூவரும் போய்ப் பார்த்தோமே, 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் செங்குத்தாக மேலே ஏறுவதை நீ கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பின்னால் வடிவமைத்தவர்கள், அந்தக் கணக்கைத் தனியாகச் சரிபார்த்தவர்கள், பற்றவைப்பைச் சோதித்தவர்கள், உப்புக்காற்றுக்கு என்ன பூச்சு, எந்தக் கம்பி என்று முடிவெடுத்தவர்கள் என்று எத்தனை வகைப் பொறியாளர்கள் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப்பார். ரயில்வே, நெடுஞ்சாலை, மெட்ரோ எல்லாவற்றிலும் இந்த வேலை இருக்கிறது. அரசுப் பணி வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணிகளுக்கான தேர்வும், யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொறியியல் பணித் தேர்வும் இருக்கின்றன. வயது வரம்பு இருப்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எஃகுத் தொழிற்சாலைக் கொட்டகைகள், ஆயத்தக் காங்கிரீட் பாகங்கள், மின்கோபுரங்கள், காற்றாலைக் கோபுரங்கள் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனி நிறுவனங்கள் உண்டு, விரிவாக எழுதவில்லை. ஆராய்ச்சியில் மனம் இருந்தால் கேட் தேர்வு எழுதி எம்.இ. அல்லது எம்.டெக். சேர். கிண்டி பொறியியல் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் உன் அறையிலிருந்து பேருந்து தூரம். தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில், மின்கோபுரத்தை முழு அளவில் நிறுத்தி வடங்களால் இழுத்துச் சோதிக்கும் நிலையம் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை பார்த்துவிடு. கணக்கில் மட்டும் பார்த்த வளைவைக் கண்ணால் பார்ப்பது மறக்காது.

நான் இன்று உன் வயதில் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால், தயங்காமல் பழைய கட்டடங்களைச் சோதித்துப் பழுதுபார்க்கும் துறையைச் சொல்வேன். இந்த நாட்டில் காங்கிரீட் வீடுகள் பெருகத் தொடங்கிய காலத்துக் கட்டடங்கள் எல்லாம் இப்போது முதுமைக்கு வருகின்றன. கடலோர ஊர்களில் உப்புக்காற்றிலுள்ள குளோரைடு உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்பதால் உள்ளிருந்தே காங்கிரீட்டை வெடிக்கவைக்கிறது. நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வகுப்பறைக் கூரையின் பூச்சு உதிர்ந்த இடத்தில் கம்பி பென்சில் கனத்துக்குத் தேய்ந்து, தொட்டால் செதிலாகக் கையில் வந்தது; அதன் நேர் கீழே பிள்ளைகளின் பைகள் வரிசையாக இருந்தன. அன்று மாலையே அந்த அறையைப் பூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்த மாதிரி இடத்தில் சுத்தியல் சோதனையும் மீயொலிச் சோதனையும் எண்களைத் தரும். ஆனால் எதை இடிப்பது, எந்தத் தூணுக்குப் புதிய கம்பியும் காங்கிரீட்டும் சுற்றி உறை போடுவது, எதை அப்படியே விட்டுவைப்பது என்று தீர்மானிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நம்மிடம் மிகக் குறைவு.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், பட்டம் மட்டும் போதாது. அமெரிக்காவில் முதலில் எஃப்.இ. தேர்வு, சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் ‘புரொஃபஷனல் இன்ஜினியர்’ எனும் பி.இ. உரிமம் (நம் ஊர்ப் பட்டம் அல்ல), சில மாநிலங்களில் கட்டமைப்புக்கென்று தனியாக எஸ்.இ. உரிமமும் கேட்பார்கள். பிரிட்டனில் கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனத்தின் தேர்வை எழுதிப் பட்டயப் பொறியாளர் ஆகலாம். அந்தத் தகுதிக்கு வளைகுடா நாடுகளிலும் மதிப்பு உண்டு.

ஐ.டி. வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். தொடக்கச் சம்பளத்தில் நம் தொழில் அதற்கு ஈடாகாது. அதை மறைத்து உன்னை இங்கே நிறுத்திவைக்க எனக்கு மனமில்லை. ஆனால் நிரல் எழுதுவது உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதற்கும் இந்த வீட்டுக்குள்ளேயே அறை இருக்கிறது. நீ தினமும் உட்காரும் ஈடேப்ஸின் குடும்பத்தைச் சேர்ந்த சாப் நிரலை 1970-இல் உருவாக்கிய எட்வர்ட் வில்சன், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சிவில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். பகுப்பாய்வு மென்பொருள் எழுதும் நிறுவனங்களுக்கு கட்டமைப்புக் கணக்கின் அடிப்படையான விறைப்பு அணியும் (மேட்ரிக்ஸ்) தெரிந்த, நிரலும் தெரிந்த ஆட்கள் தேவை. உன் அலுவலகத்திலேயே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பைத்தானில் சிறு நிரல் எழுதிக்கொடுத்துப் பார்.

என் கருத்து இதுதான். நீ தொழிலை மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்று. நாளைக்கே உன் மேலாளரிடம் போய், நான் மாதிரி போடும் ஒரே ஒரு கட்டடத்தையாவது அடித்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை வாரம் ஒருமுறை கட்டுமான இடத்தில் போய்ப் பார்க்க அனுமதி கொடுங்கள் என்று கேள். பெண் பிள்ளை கட்டுமான இடத்துக்கு எதற்கு என்று சொன்னால், முப்பது வருடம் முன்பு எனக்கும் அதையே சொன்னார்கள், நான் போனேன் என்று சொல். அப்படியும் அனுப்பாத அலுவலகம் என்றால் அதை விட்டு வேறு அலுவலகத்துக்குப் போ. ஒரு வருடம் உன் வரைபடம் கம்பியாகவும் காங்கிரீட்டாகவும் மாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், ஐ.டி.க்குப் போ, நானே உன்னை ரயில் ஏற்றி அனுப்புகிறேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்கு முதல் மாடித் தளம் போடுகிறோம். தெருப் பக்கம் மூன்றரை அடி பால்கனி இருக்கிறது. சனிக்கிழமை இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடுவாய். அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். காலை ஆறரைக்குக் கம்பி பார்க்கத் தொடங்கவேண்டும். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம், ஷூ எடுத்து வா. அந்த வீட்டின் மாதிரியைக் கோப்பாக உனக்கு அனுப்பியிருக்கிறேன். மென்பொருள் காட்டும் அடித்தள எதிர்விசைகளின், அதாவது மண் திருப்பித் தாங்கும் சுமைகளின், கூட்டுத்தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், தளம், சுவர், பீம், தூண் எல்லாவற்றின் எடையையும் ஒரு தாளில் கையால் கூட்டிக்கொண்டு வா. நான் அதில் ஒரு சுவரை வேண்டுமென்றே விட்டுவிட்டிருக்கிறேன். எது என்று வந்து சொல்.

அன்புடன்,
அம்மா